வள்ளி வீட்டுக்கு வந்துவிட்டாள்

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டோம். பாப்பா இப்போது தூங்குகிறாள். எழுந்து அழுவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். பிறந்த பாப்பாவை ஐ.சி.யு.வில் வைக்க வேண்டி வந்ததும், அங்கே என்ன நடந்தது என்பதும் உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்ப ஒருமுறை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காமார்களுக்கும் முதல் நன்றி. ராத்திரி நேரத்தில் ரத்தம் கொடுக்க ஓடி வந்த தெருப் பையன்களுக்கும், கேரியர் தூக்கி அலைந்த என் நாத்தனாருக்கும், பணத்தை அக்கவுண்டில் போட்டுவிட்டு நான் கூப்பிட்டால் ஃபோனை எடுக்காமலே இருந்தவர்களுக்கும் நன்றி. திருப்பித் தருவேன், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அந்த வார்டில் நைட் டியூட்டி பார்த்த ஆயா அவர். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கும்மா, வேணாம்" என்றுவிட்டார்.

பிறந்த குழந்தையை ஐ.சி.யு.வில் வைத்தால் கைப்பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பெயரை எழுதுவார்கள். உள்ளே வரிசையாகப் படுத்திருக்கும் எல்லாமே பேபி ஆஃப்தான். பிழைத்து வரட்டும், அப்புறம் பெயர் வைக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் பெயர்கள் வந்துகொண்டேதான் இருந்தன. யாழினி, கயல்விழி, அப்புறம் வாயில் நுழையாத சில. என்னுடன் வேலை பார்க்கும் தோழி மணிமேகலை என்று அனுப்பி, கூடவே கதையும் எழுதியிருந்தாள். கோவலனின் முன்னோர் ஒருவர் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தபோது காப்பாற்றிய தெய்வத்தின் பெயராம் அது. அந்த நன்றிக்காகத்தான் கோவலன் தன் மகளுக்கு வைத்தானாம். படித்துவிட்டு அழுதேன். ஆனாலும் எந்தப் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

ஒருநாள் ராத்திரி ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். "பேர் வெக்கலியா? பேரே இல்லாம எப்படிம்மா கூப்பிடறது? கூப்பிட்டாதான திரும்பிப் பாக்கும்?"

அவருக்கு வள்ளிமலைப் பக்கம். முருகன் கட்டிய வள்ளி பிறந்த மலை அது என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். "எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி இப்படித்தான் ஒண்டியா கெடந்தா. வள்ளிக்கெழங்கு தோண்டுன குழியில. யாரு பெத்தாங்கன்னே தெரியாது. வேட்டைக்குப் போன நம்பிராஜன் தூக்கினு வந்து வளத்தாரு. பின்னால தினைப்புனத்துல நின்னு கவண்கல்லு வீசி கிளி வெரட்டினாளே, அவதான். குழியில கெடந்தது பொழைக்கல?" என்றார். என் பதிலுக்கு நிற்காமல் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போய், "ஏ வள்ளி, உங்கம்மா இங்கதான் குந்திகினு இருக்கா, பாரு" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கப்புறம் ராத்திரி டியூட்டிக்கு வரும்போதெல்லாம் "வள்ளி இன்னா பண்றா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு நர்ஸ் அக்காக்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு நானும்.

அவருடைய சொந்தப் பெயரின் கதையையும் ஒருநாள் சொன்னார். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இவரைக் குப்பையில் ஒரு நிமிஷம் கிடத்தி, வேறு யாரோ எடுத்துக் கொடுப்பதுபோல வாங்கிக்கொண்டார்களாம். குப்பம்மாள், குப்பாயி, பிச்சையம்மாள் என்ற பெயர்களெல்லாம் இப்படி வந்தவைதான். எமனும் கண்ணேறும் 'இது யாருக்கும் வேண்டாத பிள்ளை' என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று வைத்தது. பள்ளியில் அந்தப் பெயர்களைக் கேட்டு நாங்கள் சிரித்ததுண்டு. ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து கேட்டால் சிரிப்பு வராது.

ஆனால் வேண்டாம், போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அது வேறு. 'இனிமேல் பெண் பிறக்காதே' என்று பிறந்த பெண்ணின் தலையிலேயே எழுதுவது. கடைசிப் பெண்ணுக்கு மங்களம் என்று வைத்து நாசூக்காக முடித்துக்கொண்ட வீடுகளும் உண்டு. ஒரு பெயர் பிள்ளையைக் காப்பாற்ற, இன்னொரு பெயர் பிள்ளையைக் கைகழுவ. இரண்டும் ஒரே ஊரில், சில வீட்டில் ஒரே கூரைக்குக் கீழேகூட.

பாப்பாவுக்கு ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு எழுத்துகளில் வைக்கலாம் என்பதால் மாமியாரும் சரி என்றுவிட்டார். நியூமராலஜி பார்க்கும் உறவினர் ஒருவர் இங்கிலீஷில் ஒரு 'எல்' கூட்டிப் போடச் சொன்னார். அதில் ஏற்கெனவே இரண்டு 'எல்' இருக்கிறது மாமா, மன்னித்துவிடுங்கள். பழைய பெயராக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், ரொம்பப் பழசு. நற்றிணையிலேயே முருகனோடு வள்ளி வந்துவிட்டாள். கொடி என்றும் பொருள் உண்டு. எங்கள் பாப்பா இப்போதைக்கு நிஜமாகவே கொடி மாதிரிதான் இருக்கிறாள். இனி சதை போடட்டும்.

பிறப்புப் பதிவு கவுண்டரில் இருந்த அம்மாவையும் விட்டுவிடக் கூடாது. பெயர் இல்லாமலும் பதியலாம், 12 மாதத்துக்குள் வந்து கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் என்றால் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்ன அன்றுதான் அவர் நன்றாகத் தூங்கினார், பாப்பாவின் அப்பாவைச் சொல்கிறேன்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். வருஷா வருஷம் வள்ளி பிறந்தநாளன்று அந்த வார்டில் நைட் டியூட்டி பார்க்கிற எல்லாருக்கும், துடைப்பம் பிடிப்பவர்களுக்கு முதலில், எங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு போகும். ஆயாவிடம் சொன்னேன். "காரமா ஒரு கொழம்பு வெச்சி எடுத்துனு வா" என்றார்.

காதுகுத்து வள்ளிமலையில்தான். தேதி குறித்ததும் சொல்கிறேன். முடிந்தவர்கள் மலை ஏறலாம், முட்டி வலிக்காரர்களுக்கு அடிவாரத்திலேயே வள்ளி கோயில் இருக்கிறது. மொய் எழுத மாட்டோம். வெறுங்கையோடு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள்.

பாப்பா எழுந்துவிட்டாள்.

உங்கள்,
வள்ளியின் அம்மா