வெற்றிலைப் பெட்டி இங்கேயே இருக்கட்டும்

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது.

உன் பெரியப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த வெற்றிலைப் பெட்டியைக் கனடாவுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாய். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன மாத மழையில் பூஞ்சணம் பிடித்ததென்று துடைத்து, பல்கனி வெயிலில் வைத்தேன். மாலையில் பார்த்தால் மூடி விளிம்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. சரி, திட்டு.

அப்புறம்தான் அதைப் பற்றித் தேடி வாசித்தேன். நாம் அரக்குப் பெட்டி என்றே சொல்லி வந்தோம், தவறு. அரக்கு பூச்சி தருவது. மாத்தளைப் பக்கம் செய்கிறார்களே, அந்த வேலை. இது மரத்துப் பால். பர்மியர்கள் தித்சி என்கிறார்கள். பர்மா, தாய்லாந்துக் காடுகளில் நிற்கும் மரம்; மாமரத்துக்கும் கஜு மரத்துக்கும் சொந்தம். பட்டையைக் கீறி மூங்கில் குழலில் பாலைப் பிடிப்பார்கள். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். மூங்கில் பின்னலில் ஒரு பூச்சு, நிலவறையில் சில நாள், பிறகு அடுத்த பூச்சு. ஒரு நல்ல பெட்டி முடிய மாதக்கணக்காகும்.

நிலவறை எதற்கென்றால், இந்தப் பால் வெயிலில் காய்கிற சாதி இல்லை. ஈரக் காற்றில்தான் இறுகும். பாலிலேயே ஒரு நொதி இருக்கிறது. அது ஒட்சிசனைக் கொண்டு பாலைக் கெட்டியாக்க ஈரம் வேண்டும். கொழும்புப் புழுக்கத்தை நாம் திட்டாத நாளில்லை. பெட்டிக்கோ அதுதான் தாய்வீடு.

மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்து மூன்று நாள் பள்ளிக்கூடம் வராமல் இருந்தாயே, அந்தக் குடும்பக் குணம் இதற்கும் உண்டு. பச்சைப் பால் பட்டால் கை பொக்களிக்கும்; இறுகிய பூச்சில் பெரிதாகப் பயமில்லை. இந்த மரத்தின் பலகை சிவந்து, கனத்து, பார்க்க அழகுதான். ஆனால் அறுக்கிறவனுக்கு அரிப்பு.

உன் வீட்டில் மாதக்கணக்கில் ஹீட்டர் ஓடுகிறது. அந்த வறண்ட காற்றில் மூங்கில் சுருங்கும், மேல்பூச்சு வெடிக்கும். ஒரு நாள் வெயிலுக்கே இந்தக் கதி! அதனால் அனுப்பமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

டிசம்பரில் வருவாய்தானே? பெட்டியோடு வந்த பாக்குவெட்டி உன்னிடம் இருக்கிறது. மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் மச்சான்