அண்ணனுக்கு ஒரு மரத்துண்டின் செய்தி

கிளாஸ்கோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மாலை ஆறு மணிக்கே தெருவிளக்கு எரிகிறது.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். விஸ்கி குடித்ததைப் பற்றி எழுதப்போகிறேன். உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அதோடு இது பாதிக்குமேல் மரத்தைப் பற்றிய செய்தி. அதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

போன சனிக்கிழமை, உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஆரன் தீவுக்கு அழைத்துப் போனார். கப்பலில் பிராடிக் துறைமுகம், அங்கிருந்து கடலோரமாகவே பஸ்ஸில் லாக்ரான்சா. சின்னஞ்சிறு ஊர். ஊருக்குள்ளேயே மான்கள் மேய்கின்றன. மலையடிவாரத்தில் ஒரு விஸ்கி ஆலை. 1995இல்தான் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு முன் அந்தத் தீவில் இருந்த கடைசி ஆலை 1837இல் மூடப்பட்டதாம்.

இரண்டு கிளாஸ்களை என் முன் வைத்தார்கள். ஒரே ஆலை, ஒரே பார்லி, ஒரே தண்ணீர். முதலாவது பத்து வருடம், பெரும்பாலும் போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்களில் கிடந்தது. வைக்கோல் நிறம், வெனிலா வாசனை, நாக்கில் எலுமிச்சையின் கூர்மை. இரண்டாவதும் அப்படிக் கிடந்ததுதான். ஆனால் கடைசிச் சில மாதங்கள் அதை அமரோனே என்னும் இத்தாலியச் சிவப்பு ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றியிருக்கிறார்கள். செம்பில் ரோஜா இதழைக் கரைத்தாற்போல ஒரு நிறம். சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. அத்தனையும் பலகை கொடுத்தது.

முகர்ந்தால் உலர்திராட்சையும் செர்ரியும். ஐம்பது சதவீதச் சாராயம் என்பதால் முதல் மடக்கு சுட்டது. நண்பர் சில சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். விட்டதும் வாசனை விரிந்தது. முதலில் இனிப்பு, பிறகு கசப்புச் சாக்லேட், எல்லாம் அடங்கிய பின் கொட்டைப்பாக்கை மென்றது போன்ற துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு வந்தபோதுதான் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

இடித்த வீட்டு உத்தரம் ஒன்றை நம் பட்டறையில் அறுத்தோமே, நினைவிருக்கிறதா? மரத்தூளை உள்ளங்கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, "இது அடுப்படி மரம்" என்றார் அப்பா. எத்தனையோ வருடப் புகை மரத்தின் வைரத்துக்குள் இறங்கியிருந்தது. இந்தக் கிளாஸை அவர் கையில் கொடுத்திருந்தால், குடிக்காமலே, இது எங்கே கிடந்தது என்று சொல்லியிருப்பார்.

அமரோனே செய்பவர்கள் வெரோனா நகரத்துப் பக்கத்துக்காரர்கள். அறுத்த திராட்சையை உடனே பிழியாமல், நாம் வற்றல் போடுவதைப் போலத் தட்டுகளில் பரப்பி மூன்று மாதம் உலர்த்துகிறார்கள். அவர்களுடையது வெயிலில் காய்வதில்லை, காற்றோட்டமான அறைக்குள் நிழலிலேயே வாடுகிறது. சாறு சுண்டிச் சுண்டிக் கெட்டியாகிவிடும். அந்த ஒயின் பீப்பாயின் ஓக் மரப் பலகையில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊறிவிடுகிறது. பீப்பாய் காலியான பிறகும் பலகை காலியாவதில்லை. விஸ்கியை ஊற்றினால் அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

பிரிட்டன் சட்டப்படி, ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் மூன்று வருடமாவது கிடந்தால்தான் ஸ்காட்ச் என்று பெயர் வைக்க முடியும். வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் மரத்தின் வழியே ஆவியாகிப் போகும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். காற்று புகும், ஆவி வெளியேறும், ஆனால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. வெள்ளை ஓக்கின் துளைகளை மரமே அடைத்துவிடுகிறதாம்.

கோடையில் கிரெய்கெல்லாக்கி என்ற ஊரில் பீப்பாய்ப் பட்டறை ஒன்றையும் பார்த்தேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஆணி கிடையாது, பசை கிடையாது. பலகைகளின் விளிம்பைச் சாய்வாக இழைத்து, வட்டமாக நிறுத்தி, இரும்பு வளையத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குகிறார்கள். மூடிப் பலகை பொருந்தும் இடத்தில் காய்ந்த கோரையைச் செருகுகிறார்கள். இந்த வேலைக்கு நான்கு வருடம் தொழில் பழக வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தபோது அந்தச் சத்தம் நம் பட்டறைச் சத்தமாகவே கேட்டது. எனக்கு அங்கிருந்து நகர மனமில்லை. உளியைப் பிடிக்கத் தெரியாமல் படிக்க வந்தவன் நான். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் எனக்கு விளங்காத எத்தனையோ விளங்கியிருக்கும்.

ஒயின் பீப்பாயின் பழைய பலகைத் துண்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உள்பக்கம் இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கிறது. தை மாதம் வரும்போது கொண்டுவருகிறேன். அப்பாவின் இழைப்புளியை எடுத்து வையுங்கள். அதன் மேல் ஒரே ஒரு முறை ஓட்டி, சுருளை முகர்ந்து, என்ன வாசனை என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புத் தம்பி