கணக்குப்பிள்ளைக்கு ஒரு தோல்விக் கடிதம்

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் இப்போது எந்த முகத்தோடு எழுதுகிறான் என்று கேட்பாய். தோற்றுப்போன முகத்தோடுதான். உன் இடுப்பு வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போகிறாள், சின்னவன் இன்னும் எதற்கும் போகவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடையின் சொந்த லேபிள் ஒட்டிய டப்பாவை நீ வாங்கும்போதெல்லாம் “நாக்கு என்னடா பாவம் செய்தது?” என்று கேட்டவன் நான். போன ஞாயிறு சின்னவன் தெரியாத்தனமாக உன் ஜாதி கொண்டைக்கடலை டப்பா ஒன்றை வாங்கி வந்துவிட்டான். அலமாரியில் நான் எப்போதும் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் என் பிராண்டும் இருந்தது. இரண்டிலும் நிகர எடை 400 கிராம், நீர் வடித்த எடை 240 கிராம் என்றே போட்டிருந்தது. உன் மானத்தை வாங்கலாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சல்லடையில் கொட்டி, இரண்டு நிமிடம் வடியவிட்டுத் தராசில் வைத்தேன்.

உன்னுடையது 243. என் மகாராஜா 226.

தராசுக்குத்தான் கோளாறு என்று ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் காட்டியது. டப்பாக்களைக் கவிழ்த்தால், அடியில் அச்சிட்ட குறியீட்டில் முதல் நான்கு எழுத்தும் ஒன்றே! ஒரே ஆலையாக இருக்கலாம். லேபிள் இல்லாத மொட்டை டப்பாக்களைக் கிடங்கில் அடுக்கி வைத்து, ஆர்டர் வந்தபின் அவரவர் பெயரை ஒட்டி அனுப்புவதும் இந்தத் தொழிலில் உண்டு. இதைப் படித்ததும் துள்ளாதே. ஆலை ஒன்று என்பதால் சரக்கும் ஒன்றாகிவிடாது. எந்தத் தரக் கடலை, எவ்வளவு உப்பு என்பதெல்லாம் ஆலைக்கு ஆர்டர் கொடுக்கிற பிராண்டுக்காரன் சொல்கிற கணக்கு.

தோற்றதுகூடப் பரவாயில்லை. ஆணி போட்டு வைக்கிற என் பழைய காளான் சூப் டப்பா நினைவிருக்கிறதா? வீடு மாறும்போது தூக்கிப் போடச் சொல்லி நீ சண்டை போட்டாயே, அதேதான். அதையும் அதே பிராண்டின் புது டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சேர்பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. பழையதில் தண்ணீருக்கு அடுத்தது காளான். புதியதில் தண்ணீர், எண்ணெய், மாவு எல்லாம் வந்து, அப்புறம்தான் காளான். எடையிலும் பத்து கிராம் காணோம். லேபிளில் இருக்கும் காளான் படம் மட்டும் பெரிதாகியிருக்கிறது. உன் சரக்கு உயரவில்லையடா, என்னுடையது இறங்கி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெயருக்காக இத்தனை வருடம் கூடுதலாகக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

உணவை அடைத்து வைக்கும் வித்தைக்காக 1810இல் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். அவர் அடைத்தது கண்ணாடி பாட்டிலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அதே வருடம் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அன்றிலிருந்து லேபிள் சொல்வதை நம்புவதுதான் நம் பிழைப்பு.

தக்காளியிலும் ஒரு கூத்து. துண்டு போட்ட தக்காளி அரைமணி நேரம் கொதித்தும் கரையாமல் பகடைக்காய் மாதிரி மிதந்தது. வடிவம் குலையாமல் இருக்க கால்சியம் குளோரைடு சேர்க்கிறார்களாம். உன் பிராண்டு, என் பிராண்டு இரண்டிலும் இருக்கிறது. குழைய வேண்டுமென்றால் அது சேர்க்காத டப்பாவாகப் பார்த்து வாங்கு.

ஒன்றே ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். நசுங்கிய டப்பாக்களைத் தள்ளுபடியில் அள்ளி வருவாயே, மூடியின் விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தாலோ, டப்பா உப்பியிருந்தாலோ அப்படியே எறிந்துவிடு. ருசி பார்க்கிறேன் என்று நாக்கில்கூட வைக்காதே. கெட்ட டப்பா உணவில் உண்டாகும், உயிரையே எடுக்கக்கூடிய பாட்டுலிசம் நஞ்சு வாசனையிலோ ருசியிலோ தெரியாது. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறவன் என்று உன்னைக் கேலி செய்ய நீ இருக்க வேண்டும்.

உன் வீட்டில் பீச் பழ டப்பா இருக்குமே, வடித்து எடை போட்டு எழுது. இரண்டு நிமிடம்தான், கையால் அழுத்திப் பிழியக் கூடாது. உன்னை எனக்குத் தெரியும்.

உன்,
வாய்ச்சவடால்