லைப்சிக்லேர்ந்து அம்மாவுக்கு

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இங்க நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது, அதுக்குத்தான் இன்னும் பழகல. நீ குடுத்துவிட்ட கருவடாம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, ரசம் வைக்கிற அன்னிக்கு மட்டும் பொரிச்சுக்கறேன்.

போன்ல கேட்டியே, சாமியப் பத்தி படிக்க ஜெர்மனி வரைக்கும் போகணுமா, படிச்சு முடிச்சா சாமி இல்லன்னு சொல்லுவியான்னு, அப்ப டிராம்ல இருந்தேன், ஒழுங்கா பதில் சொல்ல முடியல. இது சாமி இருக்கா இல்லையான்னு தீர்ப்பு சொல்ற படிப்பு இல்லம்மா. அந்தக் கேள்விய ஓரமா வச்சுட்டு, மனுஷங்க என்ன செய்யறாங்க, அதப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாக்கறது. இதே யுனிவர்சிட்டில இருந்த யோவாகிம் வாக்னு ஒருத்தர் 1924லயே இத எழுதினார், சர்ச்சுக்காக செய்யற படிப்பு வேற இது வேறன்னு. யூத வம்சம்னு நாஜிங்க 1935ல அவர வேலையவிட்டு எடுத்துட்டாங்க, அப்புறம் அமெரிக்கா போயிட்டார்.

போன சனிக்கிழமை ரயில்ல ஹாலேக்குப் போனேன், பக்கம்தான். நம்ம தரங்கம்பாடிக்கு 1706ல வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் படிச்ச ஊர் அது. பழைய அநாதை இல்லத்து மாடில கண்ணாடி அலமாரி அலமாரியா வச்சிருக்காங்க, அதுல நம்ம பக்கத்து சாமான் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.

சீகன்பால்கும் அவர்கூட இருந்த இன்னொரு பாதிரியார் கிரண்ட்லரும் 1712 வாக்குல நம்ம ஆளுங்களுக்கு கேள்வி எழுதி அனுப்பி பதில் வாங்கிருக்காங்க, 99 லெட்டர், ஜெர்மன்ல மாத்தி இங்க அச்சடிச்சாங்க. அதுல ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சொல்றார், நீங்க மாட்டுக்கறி சாப்பிடறீங்க, குடிக்கறீங்க, உங்க மார்க்கத்துக்கு எப்படி வர்றதுன்னு. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சும்மா. ஆனா எங்க வாத்தியார் ஒண்ணு கேட்டார், பதில் மட்டும் பாக்காத, கேள்விய யார் போட்டாங்கன்னு பாருன்னு. உங்க சட்டம் என்ன, உங்க கடவுள் யாருன்னு கேட்டா பதிலும் அந்த அச்சுலதான வரும்? பொங்கல் வைக்கறப்ப மனசுல என்ன ஓடுதுன்னு யாரும் கேக்கல.

அன்னிக்கு கிளாஸ்ல ரிலிஜனுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டாங்க. மதம்னு சொல்லிட்டேன். ரூமுக்கு வந்தப்புறம்தான் அப்பாயி ஞாபகம் வந்துச்சு, அவங்க இன்னிக்கும் கிறிஸ்டியன்ஸ வேதக்காரங்கன்னுதான சொல்றாங்க? நம்மள என்னன்னு சொல்லுவாங்க? எதுவும் சொல்ல மாட்டாங்க, நாம கும்பிடற சாமின்னு மட்டும் சொல்லுவாங்க. ஜொனாதன் ஸ்மித்னு சிகாகோல இருந்த ஆளு 1982ல எழுதிருக்கார், ரிலிஜன்ங்கறதே படிக்கறவங்க ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக உண்டாக்கிக்கிட்ட ஒரு பிரிவுன்னு. முதல்ல கோபம் வந்துச்சு, அப்ப அப்பாயி விளக்கேத்தறது பொய்யான்னு. ரெண்டு மூணு தடவ படிச்சப்புறம் புரிஞ்சுது, விளக்கு நிஜம்தான், அதுக்கு மேல நாம ஒட்டற லேபிளத்தான் அவர் சொல்றார்.

எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. வெள்ளிக்கிழமை அப்பாயி காட்டேரிக்குப் படைக்கறப்ப பக்கத்துல உக்காரு. ஏன் எதுக்குன்னு கேக்காத. என்ன பண்ணப் போறீங்கன்னு மட்டும் கேட்டு, அவங்க சொல்றத நடுவுல பேசாம போன்ல ரெகார்ட் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பு. அவங்க இருமினாலும் நிறுத்தாத, முழுசா வேணும்.

அப்பாவ பிரஷர் மாத்திரைய விடாம போடச் சொல்லு.

உன் மக