சோளக்காட்டு நடுவே ஒரு பல்கலைக்கழகம்

அன்புள்ள கண்ணுக்கு,

"சிகாகோ பக்கம்னு நெனச்சு வந்தேன், சோளக்காட்டுக்கு நடுவுல இறக்கி விட்டுட்டாங்கம்மா" என்று போனில் நீ சொன்னதை அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் படித்த அர்பானா ஊரைக் குறை சொன்னால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நீ படிக்கிற இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சோளக்காட்டில் கொண்டுபோய் யாரும் தவறி வைத்துவிடவில்லை. காட்டில் வேலை செய்கிறவன் பிள்ளைக்காகத்தான் அதைத் தொடங்கினார்கள். எண்பதுகளின் நடுவில் நான் மண்ணியல் ஆராய்ச்சி செய்த கட்டடத்தின் பெயர் டர்னர் ஹால். அந்தப் பெயருக்குரிய ஜோனதன் பால்ட்வின் டர்னர் ஜாக்சன்வில் ஊரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். வேலிக்கு எந்த முள்மரம் நல்லது என்று உழவர்களோடு மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். பாதிரியாருக்கும் வக்கீலுக்கும் மருத்துவருக்கும் கல்லூரி இருக்கிறது, மீதி ஜனங்களுக்கு என்ன இருக்கிறது என்று 1850களில் கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1862 ஜூலை 2 அன்று லிங்கன் மாரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்று கணக்குப் போட்டு மாநிலங்களுக்கு நிலவுரிமைச் சீட்டு கொடுத்தார்கள். அதை விற்று, வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரி கட்ட வேண்டும். இல்லினாய்க்கு வந்தது 4,80,000 ஏக்கர்.

அந்த நிலம் வானத்திலிருந்து விழவில்லை. பழங்குடிகளை ஒப்பந்தம் என்ற பெயரில் விரட்டி வாங்கிய நிலம். நீ உட்கார்ந்திருக்கும் மண்ணிலிருந்தும் அந்த மக்களை வெளியேற்றிவிட்டு, பிறகு அவர்கள் பெயரையே விளையாட்டு அணிக்கு வைத்துக்கொண்டார்கள். என் காலத்தில் கால்பந்து இடைவேளையில் ஒரு மாணவன் இறகுத் தொப்பியோடு வந்து ஆடுவான். அரங்கமே எழுந்து நிற்கும். நெடுங்காலம் சண்டை போட்டு 2007இல்தான் அது நின்றது. பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கட்சி.

1867இல் நிறுவி, அடுத்த ஆண்டு மார்ச்சில் வகுப்பு தொடங்கினார்கள். அப்போது பெயர் இல்லினாய் இண்டஸ்ட்ரியல் யுனிவர்சிட்டி. சீர்திருத்தப் பள்ளிகளுக்கும் அந்த நாளில் 'இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்' என்று பெயர் இருந்ததால், எங்கே படித்தாய் என்று கேட்டால் பட்டதாரிகள் நெளிய வேண்டியிருந்தது. 1885இல் பெயரை மாற்றிவிட்டார்கள். பெண்களை 1870இலேயே சேர்த்துக்கொண்டார்கள் என்பதை உன் அப்பாவுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவேன். முதல் தலைவர் ஜான் மில்டன் கிரெகரி, இலக்கியமும் வேண்டும் ஏரும் வேண்டும் என்று நின்று உழவர்களிடம் நிறையத் திட்டு வாங்கினார். அவருடைய கல்லறை ஆல்ட்கெல்ட் ஹால் பக்கத்தில், வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நீ தினமும் அதைத் தாண்டித்தான் போகிறாயோ என்னவோ.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள். நூலகத்துக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலம் இருக்கிறதே, மாரோ சோதனை வயல், அது 1876இலிருந்து பயிர் ஏறிக்கொண்டிருக்கும் இடம். அமெரிக்காவில் இன்றும் நடந்துவரும் பயிர்ச் சோதனைகளில் அதைவிடப் பழையது கிடையாது. ஒரு காலத்தில் பத்துத் துண்டாக இருந்தது, கட்டடங்கள் நெருக்கி இப்போது மூன்று துண்டாக நிற்கிறது. ஒன்றில் அன்றிலிருந்து மக்காச்சோளம் மட்டும். மற்ற இரண்டில் பயிர்ச்சுழற்சி. வருடாவருடம் ஒரே பயிரைப் போட்டு உரம் வைக்காமல் விட்டால் மண் எப்படிச் சாகிறது, பயறு வகையும் தொழுவுரமும் சேர்ந்தால் எப்படி மீள்கிறது என்று பாடப்புத்தகம் சொல்வதை அங்கே வேலி ஓரம் நின்று கண்ணால் பார்க்கலாம். உரம் வைக்காத பகுதியில் பயிர் வெளுத்துச் சோனியாக நிற்கும், பக்கத்திலேயே உரம் வைத்தது ஆளை மறைக்கும். நம் கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அதைவிட மூத்த வயலைப் பார்க்கத்தான் நான் அங்கே விண்ணப்பம் போட்டதே. பேராசிரியரிடம் வேறு காரணம் சொன்னேன்.

அந்தச் சோளத்தின் மேல் நிழல் விழக் கூடாது என்று 1969இல் இளநிலை மாணவர் நூலகத்தையே பூமிக்கடியில் இரண்டு தளமாகக் கட்டினார்கள். குளிர் காற்று எலும்புக்குள் போகும் மாலைகளில் நான் அதற்குள்தான் ஒதுங்குவேன். அரிய நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் இடமாக மாற்றுவதற்காக 2022இல் அந்த நூலகத்தை மூடிவிட்டார்கள்.

உன் கணினித் துறையையும் சோளக்காடுதான் வளர்த்தது. 1952இலேயே இல்லியாக் என்ற கணினியை அங்கேயே கட்டினார்கள். படங்களோடு இணையத்தைப் பார்க்க வைத்த மொசைக் உலாவி 1993இல் அங்கிருந்துதான் வந்தது. இயற்பியலுக்கு இரண்டு முறை நோபல் வாங்கிய ஒரே ஆள் ஜான் பார்டீன், நான் இருந்தபோது அதே ஊரில்தான் ஓய்வில் இருந்தார்.

ஆனால் என்னை அசர வைத்தது சக்கர நாற்காலிகள்தான். நடைபாதை முனையெல்லாம் சரிவாக இருக்கும், பேருந்து தாழ்ந்து நாற்காலியில் இருப்பவர்களை ஏற்றிக்கொள்ளும். நம் ஊரில் அப்போது நான் பார்த்திராத காட்சி. போரில் முதுகெலும்பு உடைந்து திரும்பிய இளைஞர்களுக்காக 1948இல் டிம் நுஜென்ட் என்பவர் கேல்ஸ்பர்க் கிளை வளாகத்தில் தொடங்கியது இது. மறு ஆண்டு அந்தக் கிளையை மூடப் போகிறார்கள் என்றதும், மாணவர்கள் நாற்காலிகளோடு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே போய் ஆளுநர் வாசலில் நின்றார்கள். கடைசியில் அர்பானாவில் இடம் கிடைத்தது. கேட்டு வாங்கியவர்களால்தான் அந்த இடம் அப்படி ஆனது, புரிகிறதா?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. "இவ்வளவு காசு கட்டுறோம், கேள்வி கேட்கக் கூச்சமா இருக்கு" என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. என் காலத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை என் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டது. இப்போது பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு மாநில அரசு தரும் பங்கு தேய்ந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தையும் நம்பி ஓடுகிறது. டர்னர் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். அதற்காக நீ வாடிக்கையாளர் மாதிரி ஓரமாக நிற்காதே.

அங்கே கால்வாசி நேர உதவியாளர் பணி கிடைத்தாலே பொதுவாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். உன் படிப்புப் பிரிவுக்கு அது பொருந்துமா என்று துறை அலுவலகத்தில் முதலில் கேள். உன் துறையில் நெரிசலாக இருந்தால் வேளாண் துறைக்குப் போ, அங்கே செயற்கைக்கோள் படங்களையும் வயல் தரவுகளையும் வைத்துக்கொண்டு நிரல் எழுத ஆள் தேடுகிறவர்கள் இருப்பார்கள். பேராசிரியர் அறைக்கு நேரில் போ, மின்னஞ்சல் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதே. போகிறபோது அம்மா டர்னர் ஹாலில் படித்தவள் என்று சொல், குறைந்தபட்சம் உட்காரச் சொல்வார்கள்.

பருப்புப்பொடி அடுத்த வாரம் கிளம்புகிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் சிகாகோவில் இறங்குகிறாள், நீ பஸ் பிடித்துப் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா