ஆண்டறிக்கை: ஓடையின் நீர்மட்டமும் நமது தூண்டில் இடங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் தூண்டில் மீன்பிடிச் சங்கத்தின், சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை போதிய வருகை இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. மே மாதம் ஓடைக்கரையில் குப்பை பொறுக்கினோம். பதினொரு சாக்கு நிறைந்தது. செப்டம்பரில், நம் ஓடையில் நாம் பிடிக்கும் குளிர்நீர் மீனான டிரவுட் நீலகிரிக்கு வந்த கதையைப் பற்றி மூத்த உறுப்பினர் ஒருவர் பேசினார். 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சி நிலைக்காமல் போனதையும், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வந்ததையும் விளக்கினார். கேட்க ஒன்பது பேர் இருந்தோம்.

இனி இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி சென்ற வேலைக்கு வருகிறேன். “ஓடையில் மீனே இல்லை, அப்புறம் சந்தா எதற்கு?” என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏப்ரல் முதல் ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்குப் பாலத்துக்குப் போனேன். கைப்பிடிச் சுவரிலிருந்து குண்டு கட்டிய அளவுநாடாவை இறக்கி, தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்துக் குறித்தேன். நீரின் வெப்பம், நிறம், அன்று யாருக்கு எந்த இடத்தில் மீன் கடித்தது என்பதையும் எழுதினேன். 52 ஞாயிறுகளில் 47 பதிவாகியிருக்கின்றன. ஆடியில் மண்சரிந்து பாதை அடைபட்டதால் மூன்று வாரமும், எனக்குக் காய்ச்சல் வந்ததால் இரண்டு வாரமும் விட்டுப்போயின.

அந்த நோட்டு சொல்வது இதுதான்: நம் அறையில் மாட்டியிருக்கும் தூண்டில் இடங்களின் பட்டியல் ஒரே ஒரு நீர்மட்டத்துக்குத்தான் சரி. மற்ற நாட்களில் அது நம்மை வெறும் தண்ணீரில் நிற்க வைக்கிறது. காட்டுப்பூவரசு மடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் அங்கே நடுவில் தூண்டில் போட்டுப் பயனில்லை. இழுப்பு அதிகம், தண்ணீரும் கலங்கல். அந்த வேகத்தை எதிர்த்து மீன் நிற்காது. கரையோரப் பாறைகளின் பின்னால், வேர்களுக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு முழம் தள்ளி, காலடியில் கிடக்கும் மீனைத் தாண்டித்தான் நாம் வீசிக்கொண்டிருக்கிறோம். மழை விட்டு, தண்ணீர் இறங்கி, செம்மண் நிறம் போய் லேசான தேநீர் நிறத்துக்கு வரும் இரண்டு மூன்று நாட்கள்தான் நல்ல நாட்கள். இந்த ஆண்டு கிடைத்த மீன்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட நாட்களில் கிடைத்தவை.

மார்கழி, தை மாதங்களில் கதை வேறு. நீர் குறைந்து கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். மீன் நம் கண்ணில் படும்; அதற்கு முன்பே நாம் அதன் கண்ணில் பட்டுவிடுவோம். குனிந்து, கீழிருந்து மேலாகப் போனவர்களுக்கே கிடைத்தது. குளிர்மாதங்கள் முட்டையிடும் காலமும்கூட. ஆழமில்லாத கூழாங்கல் திட்டில் தாய்மீன் குழி பறித்து முட்டையிடும். நீர் இன்னும் வற்றினால் அந்தத் திட்டு வெளியே தெரிந்து முட்டை காய்ந்துபோகும். அதே திட்டில் பூட்ஸோடு நடப்பவர்களை நானே பார்த்தேன். சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும், மறுபடியும் சொல்வேன்.

மார்ச், ஏப்ரலில் தோட்டங்களுக்கு மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஓடை இன்னும் சுருங்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைய வேண்டும்; அதை நான் குறை சொல்லவில்லை. அப்போது மீன்களெல்லாம் அருவி விழும் மடுவின் தலைப்பகுதியிலும், சோலையிலிருந்து ஊற்று வந்து சேரும் நிழலிலும் கூடிவிடும். சோலையை ஒட்டிய கிளையோடையில் தண்ணீர் கடைசிவரை இருந்தது. சீகை (வாட்டில்) மரக் காட்டுக்குக் கீழே உள்ள கிளையோடை பிப்ரவரியிலேயே நூலாகிவிட்டது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட் திணறும். அந்த நேரத்தில் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். கோடையில் நண்பகலுக்குப் பின் தூண்டில் போடுவதில்லை என்று நாமாகவே ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன்.

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் நம் ‘மூன்றாம் மடு’ சரளைக்கல்லால் மூடிப்போனது. இன்று அங்கே முழங்கால் ஆழம்தான். பட்டியலில் மட்டும் இன்னும் மடுவாகவே இருக்கிறது.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். சிறிதளவு கையிருப்பு உண்டு. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. வெப்பமானியும் அளவுநாடாவும் என் சொந்தச் செலவு, சங்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 42 உறுப்பினர்களில் 19 பேர் மட்டுமே இந்த ஆண்டு கட்டினார்கள். மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மீன் கடிக்கும் வாரத்தில் அவர்களிடமிருந்துதான் எனக்கு முதல் போன் வருகிறது: “சார், தண்ணி எப்படி இருக்கு?” நான் எப்போதும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த பதிலுக்குப் பின்னால் ஒரு பனிக்காலைப் பயணம் இருக்கிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு இடம் தந்த தேவாலய நிர்வாகத்தினர், தேநீர் ஏற்பாடு செய்தவர்கள், தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் அனைவருக்கும் நன்றி. எட்டு ஞாயிறுகள் என்னோடு பாலத்துக்கு வந்த கல்லூரி மாணவர் தம்பிக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். எனக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. உறைபனிக் காலத்தில் அந்த இறக்கத்தில் இறங்குவது இனி முடியுமா என்று தெரியவில்லை. ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து ஓடையைப் படிக்க முடியாது. மழை குறைந்த ஆண்டு ஒன்று, கூடிய ஆண்டு ஒன்று என்று குறைந்தது ஐந்தாண்டு வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு என்று நான்கைந்து பேர் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் சுமையாக இருக்காது. நோட்டும் அளவுநாடாவும் முன்மேசையில் இருக்கின்றன. பக்கத்தில் சந்தா ரசீதுப் புத்தகமும் வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் பாலத்தில் இருப்பேன்.

நன்றி, வணக்கம்.
செயலாளர்