குதிரையேற்றப் பயிற்சி மையத் தொண்டர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் வழக்கம்போல் அனுப்பி வைக்கப்படும்.

செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. பொங்கலுக்கு லாயத்துக்கு வெள்ளையடித்தோம். மாட்டுப் பொங்கலன்று மூன்று குதிரைகளுக்கும் மாலை போட்டோம். மட்டக்குதிரை தன் மாலையைத் தின்றுவிட்டது. சித்திரைத் திருவிழா வாரம் வகுப்பு இல்லை. டெட்டனஸ் தடுப்பூசி போடப்பட்டது. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தின விழா சிறப்பாக நடந்தது.

அப்புறம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் குதிரை மேல் ஏறுவதற்காகக் கட்டிய ஏறுமேடை. "செயலாளர் சாயங்காலம் காத்து வாங்கத் திண்ணை கட்டிக்கிட்டார்" என்று சில உறுப்பினர்கள் பேசியது என் காதுக்கும் வந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மேடை வருவதற்கு முன் பிள்ளைகளைத் தரையிலிருந்து தூக்கித்தான் குதிரை மேல் வைத்தோம். சின்னக் குழந்தை என்றால் சரி. மூளை முடக்குவாதம் உள்ள பெரிய பிள்ளைகளுக்குத் தொடைகள் இறுகி, இரண்டு காலும் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். அந்தக் காலைக் கீழே நின்று விரித்துக் குதிரையின் முதுகுக்கு அந்தப் பக்கம் போடுவதற்குள் தூக்கும் அப்பாவின் இடுப்பு போய்விடும். ஒரு பக்கமாகவே பாரம் இழுப்பதால் சேணமும் சரியும். எங்கள் குதிரை வெள்ளச்சி காதை மடக்கிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கும். அது பார்க்கிற பார்வையைத் தூக்கியவர்களைக் கேட்டால் தெரியும்.

மேடையின் உயரம் 75 சென்டிமீட்டர், அதற்குச் சாய்தளம் 9 மீட்டர். நாலு மீட்டரில் முடித்திருந்தால் செங்கல் மிச்சம்தானே என்று கேட்டார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. விதியை நம்பாதவர்கள் ஒரு நாள் காலையில் வந்து ஆள் உட்கார்ந்த நாற்காலியைத் தள்ளிப் பார்க்கலாம் என்று அழைத்திருந்தேன். அழைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

இது வெளிநாட்டு மோஸ்தர் என்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்குப் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்துவிட்டது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அவரையும் யாராவது ஏற்றிவிடத்தான் வேண்டியிருந்தது.

மேடை கட்டிய பிறகு குதிரைகள் கிட்டே வர மறுத்தன. தன் தலைக்குச் சமமாக, பக்கவாட்டில் ஆள் நின்றால் குதிரை மிரளும். அவித்த கொள்ளில் வெல்லம் கலந்து தினமும் மேடை விளிம்பிலேயே வைத்துப் பழக்கினோம். ஒரு நாள் வெள்ளச்சி சிமெண்டில் மூக்கை வைத்து ஊதியது, நக்கிப் பார்த்தது, அப்படியே நின்றுவிட்டது. இப்போது கயிற்றை அவிழ்த்துவிட்டால் தானாகவே அங்கே போய் நிற்கிறது.

அன்று முதலில் ஏறிய பையனின் குதிகால்கள் சேணத்தில் மேலே இழுத்தபடி இருந்தன. குதிரை நடக்கையில் அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசையும். மேலே இருப்பவரின் இடுப்பு, தானே நடப்பது போல அசைந்து கொடுக்கும். குதிரையின் உடல் சூடும் நம்மைவிடக் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 38 டிகிரி. சில சுற்று போனதும் குதிகால்கள் மெதுவாக இறங்கின. வீட்டுக்குப் போனதும் பழையபடி இறுகிவிடுகிறது என்று அவன் தாயார் சொன்னதையும் பதிவு செய்கிறேன். அதிசயம் நடப்பதாக யாரும் நோட்டீஸ் அடிக்க வேண்டாம்.

ஒரு பிள்ளை சவாரி போக மூன்று பேர் தேவை. ஒருவர் கயிறு பிடிக்க, இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக நடக்க. ஒருவர் வராவிட்டாலும் வகுப்பு இல்லை. மேலூர்ப் பக்கமிருந்து மாட்டுத்தாவணியில் பஸ் மாறி வந்த குடும்பத்திடம் "இன்னைக்கு ஆள் இல்லம்மா" என்று சொல்லும் வேலையும் செயலாளருக்கே. சேர்ந்த அன்று செவலைக் குதிரை மேல் உட்கார்ந்து படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்த உறுப்பினர்கள் பலரை அதற்கப்புறம் ஸ்டேட்டஸில்தான் பார்க்கிறேன்.

லத்தி அள்ளவும் குளம்பு சுத்தம் செய்யவும் முறைப்பட்டியல் லாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் தரை ஈரம் காயாமல், செவலையின் முன்னங்குளம்பின் அடியில் நடுச்சதையை ஒட்டிய பள்ளம் கறுத்துக் கசிந்து நாற்றமெடுத்தது. தினமும் குளம்புக் கொக்கியால் ஒரு தரம் வழித்துவிட்டிருந்தால் இது வந்திருக்காது. அந்த வாரப் பட்டியலில் யார் யார் பெயர் இருந்தது என்பதை நாகரிகம் கருதி இங்கே வாசிக்கவில்லை. பட்டியலை இன்னும் கிழிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வந்தது தீவனத்துக்குப் போனது, வராதது தவிட்டுக் கடையில் பாக்கியாக நிற்கிறது. மேடைச் செலவு பெரும்பாலும் நன்கொடை. மீதியைப் பற்றித் தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். சந்தா கட்டாதவர்கள் கட்டியவர்களைவிட அதிகம்.

கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர், பசும்புல் கொடுத்த விவசாயிகள், டீ கொடுத்தவர்கள், செயற்குழுவினர் எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சவாரி வட்டத்துக்கு மணல் மாற்ற வேண்டும், குதிரைகளுக்கு மின்விசிறி வேண்டும், மே மாத வகுப்புகளைக் காலை 6 மணிக்கே முடிக்கிற மாதிரி மாற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு எழுந்து வரக்கூடியவர் யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் லாயச் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். யாரும் முன்வராவிட்டால் நான் மறுப்பதற்கில்லை. ரசீதுப் புத்தகம் பந்தி நடக்கும் கூடத்தின் வாசலில், என் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்